ரிக்காரர் எச்சில் கொடுத்த கதை

உயிர்வேதியியலில் முதுகலை முடித்துவிட்டு இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருந்த எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஊர் ஊராகப் போய் மனிதர்களைத் துப்பச் சொல்வது. நேர்முகத் தேர்வில் அதை அப்படிச் சொல்லவில்லை. கள ஆய்வு உதவியாளர் என்றார்கள். "ஜனங்ககிட்டப் பேச வருமா?" என்று மட்டும் பேராசிரியர் அம்மா கேட்டார். வரும் என்றேன். என்ன பேசவேண்டும் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆய்வு இதுதான். எச்சில் என்பது வெறும் தண்ணீர் இல்லை. அதில் பல புரதங்கள் இருக்கின்றன. சோற்றில் இருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பது ஒன்று. டீயிலும் பாக்கிலும் உள்ள துவர்ப்பைப் பிடித்துக்கொள்வது இன்னொன்று. பல்லைக் காப்பவையும் உண்டு. இவை எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை. அப்பா அம்மாவிடமிருந்து வந்த மரபணுவைப் பொறுத்து ஒருவருக்கு நீளமாகவும் ஒருவருக்குக் குட்டையாகவும், ஒருவருக்கு அதிகமாகவும் ஒருவருக்குக் குறைவாகவும் இருக்கும். இந்த வித்தியாசம் சமூகத்துக்குச் சமூகம் எவ்வளவு, ஒரே சமூகத்துக்குள்ளேயே எவ்வளவு என்று பார்ப்பதுதான் பேராசிரியரின் நோக்கம். நாமக்கல் பக்கம் தலைமுறைகளாக விவசாயம் செய்யும் குடும்பங்கள், சேலம் டவுனில் வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பங்கள் என்று எனக்கு ஒரு பட்டியல் வந்தது.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அம்மா சாம்பார்க் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"எச்சில் பொறுக்கத்தான் எம்.எஸ்ஸி. படிச்சியா?"

அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் என் மகள் ரத்தப் பரிசோதனை செய்கிறாள் என்று சொல்லிவிட்டாள். ரத்தம் என்றால் ஒரு கௌரவம் இருக்கிறது.

அம்மாவைக் குறை சொல்லமுடியாது. அந்தச் சொல்லை மரியாதையாகச் சொல்ல வழியே இல்லை. படிவத்தில் 'உமிழ்நீர்' என்று அச்சடித்திருந்தார்கள். முதல் வாரம் அதையே சொல்லிப் பார்த்தேன். ஒரு அம்மா, "உமியா? அது அரிசி மில்லுலதான் கெடைக்கும்" என்று வழி சொன்னார். இன்னொரு வீட்டில் 'நீர்' என்பது மட்டும் காதில் விழுந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். வெயிலுக்கு அது தேவைப்பட்டது, குடித்துவிட்டு வந்தேன். இரண்டாம் வாரம் முதல் நேராகவே கேட்கத் தொடங்கினேன்: "உங்க எச்சில் கொஞ்சம் வேணுங்க."

கேட்டுக் கிடைத்தாலும் வேலை எளிதில்லை. எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிடக்கூடாது, குடிக்கக்கூடாது. வெற்றிலை பாக்கு கூடாது. வாயைக் கொப்பளித்துவிட்டு அமைதியாக உட்கார்ந்து, தானாக ஊறுவதைக் குழாயில் வடியவிடவேண்டும். காறக்கூடாது. குழாயில் ஒரு கோடு இருக்கும், அதுவரை நிரம்பவேண்டும். நுரை கணக்கில் சேராது. பிறகு அதை ஐஸ் பெட்டியில் வைத்துச் சேலத்துக்குக் கொண்டுவரவேண்டும்.

இதற்கு மேல் ஒரு கேள்விப் படிவமும் உண்டு. தாய்மொழி என்ன, அப்பா வழித் தாத்தா பாட்டி எந்த ஊர், அம்மா வழித் தாத்தா பாட்டி எந்த ஊர், சொந்தத்தில் கல்யாணமா, அசலா. பெட்டியோடு போய் இறங்கி ஒரு பெண் இதையெல்லாம் கேட்டால் ஊர் என்ன நினைக்கும் என்று படிவம் தயாரித்தவர்கள் யோசிக்கவில்லை.

ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஐஸ் பெட்டியைப் பார்த்து இரண்டு பேர் என்ன மீன் என்று கேட்டார்கள். அணைக்கட்டு மீன் அங்கே பிரசித்தம். மீன் இல்லை என்றதும் அவர்களுக்கு என்மேல் நம்பிக்கை போய்விட்டது. நான்கு வீட்டில் தாத்தா பாட்டி ஊரை விசாரித்துவிட்டு ஐந்தாவது வீட்டுக்குப் போவதற்குள், யாரோ மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அனுப்பிய ஆள் துப்பு விசாரிக்க வந்திருப்பதாகப் பேச்சு பரவிவிட்டது. வயதுக்கு வந்த பெண் இருந்த வீடுகளில் எனக்குக் காபி கிடைத்தது. மற்ற வீடுகளில் கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஐந்தாவது வீடு ரிக்காரருடையது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி இரண்டு வைத்து ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று சுற்றியவர். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். அறுபதைத் தொட்ட, கனத்த மனிதர். கம்ப்ரசர் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். வீட்டு வாசலில் நின்று அவர் பேசினால் வாய்க்கால் மேட்டில் இருப்பவர்கள் பதில் சொல்வார்கள்.

"ஏனுங்க அம்மிணி, எங்கூர்ல வந்து தாத்தன் பாட்டன் ஊரெல்லாம் கேக்கறீங்களாமா. எந்த ஊட்டுப் பையனுக்குப் பாக்கறீங்க?"

"கல்யாண விஷயம் இல்லைங்க ஐயா. எச்சில் வேணும்."

"என்னது?"

"எச்சிலுங்க. இந்தக் குழாயில, இந்தக் கோடு வரைக்கும்."

அவர் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கொரோனாவுல மூக்குல குச்சிய உட்டாங்க. இப்ப எச்சலா? குடுத்தா அப்பறம் வாசல்ல வந்து தகரம் அடிச்சுருவீங்களே."

இது நோய்க்கான பரிசோதனை இல்லை என்று விளக்கினேன். எச்சிலில் உள்ள புரதத்தைப் பொறுத்து டீயின் துவர்ப்பு ஒருவருக்கு அதிகமாகவும் ஒருவருக்குக் குறைவாகவும் தெரியலாம் என்று உதாரணம் சொன்னேன். அவர் உடனே சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா? டீ துவர்க்குது துவர்க்குதுன்னு நான் தெனம் கத்தறேனே, உனக்கு ஏன் தெரியலீங்கறது இப்பத்தான் வெளங்குது."

உள்ளிருந்து அவர் மனைவியின் குரல் மெதுவாக வந்தது. "தூளு ரெண்டு கரண்டி போடச் சொன்னது நீங்கதானுங்க."

அதைக் காதில் வாங்காமல் அவர் என் பக்கம் திரும்பினார். விஷயம் அவருக்குப் பிடித்துவிட்டது. ஊர்க்காரர்கள் பயப்படுவதற்கு நான் கேட்ட விதம்தான் காரணம், அவர் கேட்டால் எல்லோரும் கொடுப்பார்கள் என்றார். "வர்ற ஞாயித்துக்கெழம காத்தால வாங்க. ரிக்கு ஷெட்டுல எல்லாத்தையும் உக்கார வெக்கறேன். மொதல்ல நான் குடுக்கறேன். அப்பறம் எவன் மாட்டேம்பான்?"

சொன்னபடியே செய்தார். ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது தகர ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இருபது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்ததால் எல்லோரும் கொஞ்சம் கடுப்பில் இருந்தார்கள். ரிக்காரர் எதிரே தனி நாற்காலியில் வெள்ளை வேட்டியோடு அமர்ந்தார். குழாயைக் கையில் வாங்கி எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார்.

"ஆயரம் அடிக்குக் கீழ இருந்து தண்ணி எடுத்தவன் நானு. இத்தினியூண்டு குழாய்க்கு எதுக்குய்யா பயப்படறீங்க? நல்லாப் பாத்துக்கங்க."

குனிந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

இரண்டு நிமிடம் ஆயிற்று. ஐந்து நிமிடம் ஆயிற்று. கன்னத்தை உள்ளே இழுத்தார், நாக்கைச் சுழற்றினார். குழாயின் அடியில் ஒரு துளி நுரை மட்டும் நின்றது. காறப் போனார், கூடாது என்று நான் தடுத்தேன். பத்து நிமிடம் ஆனபோது பின்வரிசையிலிருந்து ஒருவர் நிதானமாகச் சொன்னார்.

"பொகைதான் வருதுங்க."

தண்ணீர் கிடைக்காத ஆழ்துளைக் கிணற்றில் புகைபோல வெறும் பாறைத் தூள்தான் மேலே வரும். அந்த ஊரில் அதை விளக்கத் தேவையில்லை. அடக்கி வைத்திருந்த சிரிப்பு மொத்தமும் வெளியே வந்தது. என்னாலும் அடக்க முடியவில்லை.

"இன்னொரு நூறடி எறக்கிப் பாருங்கண்ணா."

"பாயிண்டு தப்புங்க. சித்தெ தள்ளிப் போடோணும்."

ரிக்காரர் தலையைத் தூக்கவில்லை. காது சிவந்திருந்தது. எனக்கு அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. நாலு பேர் பார்க்கும்போது யாருக்குமே வாய் வறண்டுதான் போகும், பரவாயில்லை என்று சொன்னேன். அவருக்கு அது இன்னும் அவமானமாகப் போய்விட்டது.

அப்போதுதான் அவர் மனைவி உள்ளேயிருந்து ஒரு தட்டோடு வந்தார். கிளிமூக்கு மாங்காயைக் கீற்றுப் போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தூவியிருந்தார். "திங்கத்தானே கூடாதுன்னாங்க. பாக்கலாமில்ல?" என்று சொல்லித் தட்டைக் கணவர் முன்னால் ஸ்டூலில் வைத்தார்.

தட்டைப் பார்த்தவர்கள் எல்லோரும் விழுங்கினார்கள். காலையிலிருந்து டீ கூடக் குடிக்காத இருபது பேர். ஷெட் முழுக்க மாங்காய் வாசனை. ஒருவர் எழுந்துவந்து, "எங்கிட்டக் குடுங்க, ஊறுதுங்க, வீணாப் போகுது" என்று குழாயைக் கேட்டார். அதன் பிறகு என்னால் சமாளிக்க முடியவில்லை. பெயர் எழுதி ஒட்டுவதற்குள் அடுத்தவர் கோட்டைத் தாண்டி நிரப்பிவிடுகிறார். ரிக்காரரின் மனைவியும் ஓரமாக நின்று, முந்தானையால் மறைத்துக்கொண்டு, இரண்டே நிமிடத்தில் நிரப்பி மூடி போட்டுக் கொடுத்தார். கொண்டுபோன குழாய்கள் தீர்ந்தன.

ரிக்காரரின் குழாயில் மட்டும் மூன்று துளி.

"இன்னிக்கி வெய்யலு சாஸ்தி," என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார்.

சேலம் திரும்பி, ஒரே நாளில் இருபத்துச் சொச்சம் மாதிரிகள் என்று பெருமையாகப் பெட்டியைத் திறந்து காட்டினேன். பேராசிரியர் நடந்ததைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எங்கள் விதிமுறையில் 'தூண்டப்படாத உமிழ்நீர்' என்று தெளிவாக எழுதியிருந்தது.

"தூண்டினீங்களா?"

"நான் தூண்டலைங்க மேடம். மாங்காய்தான்."

அவர் சிரிக்காமல் இருக்க முயன்றது தெரிந்தது. புரதத்தின் நீளம் மாங்காயைப் பார்த்தால் மாறாது, அளவுதான் மாறும், எனவே தூக்கி எறியவேண்டாம், தனியாக வையுங்கள் என்றார். உறைபெட்டியில் ஒரு தட்டு முழுக்க ஒதுக்கி, மேலே 'மாங்காய்' என்று எழுதி ஒட்டினேன். வேறு ஆய்வுக்காக வந்த மாணவர்கள் அதைத் திறந்து பார்த்து ஏமாந்தார்கள்.

பத்து நாள் கழித்து ரிக்காரர் போன் செய்தார். எடுத்ததும் அவர் குரலைத் தாங்காமல் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மிணி, எம்பட எச்சலு மட்டும் கணக்குல இல்லையாமா. ஊர்ல ஒரு வார்த்த பேச முடியல. டீக்கடைக்குப் போனா மாங்கா வேணுமான்னு கேக்கறானுங்க. நான் செவ்வாக்கெழம சேலம் வாரேன். தனியா ஒக்காந்து குடுத்தர்றேன்."

வரச் சொன்ன இடம் சேலம் கடைவீதியில் அவருடைய நண்பரின் கடை. ரிக்குக்கான ஹோஸ், ஆயில், உதிரிபாகங்கள் விற்கும் பாய். முப்பது வருடப் பழக்கம், ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பாயின் குடும்பம் நாலு தலைமுறையாகச் சேலத்தில் இருப்பதால் என் பட்டியலுக்கும் அவர் பொருத்தமாக இருந்தார். கடைக்குப் பின்னால் ஹோஸ் சுருள்களுக்கு நடுவே இரண்டு பேரையும் உட்கார வைத்தேன். ஒரு மணி நேரம் எதுவும் குடிக்காமல் இருக்கவேண்டும் என்று நினைவுபடுத்தினேன்.

பாய் நான் சொன்னபடியே இருந்தார். ரிக்காரரால் கால் மணி நேரம்கூட இருக்க முடியவில்லை. தண்ணீர் கேட்டார். கூடாது என்றேன். எழுந்துபோய்ப் பின்பக்கக் குழாயில் குடித்துவிட்டு வந்தார். மறுபடி முதலிலிருந்து கணக்கு. மறுபடி பாட்டிலைத் தேடினார். மூன்றாம் முறையும் அவர் எழுந்தபோது பாய் கணக்குப் பார்க்கும் மேசையில் சாய்ந்துகொண்டு அவரையே பார்த்தார்.

"மாப்ள, வந்ததுல இருந்து தண்ணியாக் குடிக்கிற. நாலு தடவ பாத்ரூம் போயிட்ட. எத்தன நாளா இப்படி?"

"ரிக்குத் தூசி மாப்ள. முப்பது வருசமாத் தின்ன தூசி. தொண்ட எப்பவுமே வறட்சிதான்."

"ரிக்குல இருந்து இறங்கி மூணு வருஷம் ஆச்சு உனக்கு."

பாய் மேசை இழுப்பறையைத் திறந்து சர்க்கரை பார்க்கும் மீட்டரை எடுத்தார். அவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. ரிக்காரர் கையைப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"அதெல்லாம் எனக்கெதுக்கு? எங்க பரம்பரையிலயே யாருக்கும் சக்கர கெடையாது."

"பரம்பரையில யாராச்சும் ஒருத்தனுக்கு மொதல்ல வரணுமில்ல. கைய நீட்டு."

ஆயிரம் அடி பாறையைக் குடைந்தவர் ஊசி முனைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மீட்டர் காட்டிய எண்ணைப் பாய் ஒருமுறை பார்த்தார், என்னிடம் காட்டினார், பிறகு மேசையில் கவிழ்த்து வைத்தார். கடையை ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, ஸ்கூட்டரில் நண்பரைப் பின்னால் உட்கார வைத்து மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது ரிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்ப எச்சலு?" என்றார்.

"உடம்பு சரியாகட்டுங்க. நானே வரேன்."

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. அந்த ஷெட்டில் நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்திருந்தேன். வாய் வறள்வது கூச்சத்தால் மட்டும் இல்லை என்பது படித்த எனக்குத் தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. ஹோஸ் விற்கிறவருக்குத் தோன்றியது.

மாத்திரை, காலை நடை, அரிசியைக் குறைத்த சாப்பாடு என்று ஒன்றரை மாதம் ஓடியது. ஒருநாள் காலையில் போன் வந்தது. நேற்றிலிருந்து நன்றாக ஊறுகிறது, உடனே வாங்க என்றார். போனேன். இந்தமுறை கூட்டம் இல்லை. வேப்ப மரத்தடியில் கட்டிலில் தனியாக உட்கார்ந்து, மாங்காய் எதுவும் இல்லாமல், விதிமுறைப்படி, கோட்டுக்கு மேல் ஒரு விரற்கடை நிரப்பினார். நான் மூடி போட்டதும் அதை வாங்கிக்கொண்டு டீக்கடை வரைக்கும் போய்க் காட்டிவிட்டு வந்துதான் திருப்பிக் கொடுத்தார். அதுவரை ஐஸ் பெட்டியைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆய்வகத்தில் ஒவ்வொருவர் எச்சிலிலும் உள்ள புரதங்களைப் பிரித்தால் நீல நிறத்தில் கோடு கோடாகத் தெரியும். கோடுகளின் இடம் ஆளுக்கு ஆள் மாறும். அவரவர் படத்தை அவரவரிடம் கொடுக்கலாம், ஒருவருடையதை இன்னொருவருக்குக் காட்டக்கூடாது என்று சொல்லி, மூடிய உறைகளைப் பேராசிரியர் என்னிடம் தந்தார். மறுபடியும் அந்த ஷெட்டில் கூடினார்கள். பிறகு ஒருநாள் கடையிலேயே எச்சில் கொடுத்திருந்த பாயும் சேலத்திலிருந்து தன் உறையோடு வந்திருந்தார்.

வெறும் காகிதம் கொடுத்தால் போதாது என்று ஒரு சின்னச் சோதனையும் வைத்திருந்தேன். ரிக்காரர் மனைவி மரவள்ளிக் குச்சிக்கிழங்கு மாவைக் கரைத்துக் காய்ச்சித் தந்தார். ஆறியதும் அதில் அயோடின் சொட்டு விட்டால் கருநீலமாகும். எச்சில் சேர்த்தால் அதிலுள்ள புரதம் மாவுச்சத்தை உடைக்க உடைக்க நீலம் வெளுக்கும். ஆளுக்கொரு டம்ளர் வைத்தேன். வெறும் வேடிக்கைக்குத்தான் என்று நான் சொன்னதை யாரும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. வாட்சைப் பார்த்துக்கொண்டு குனிந்து நின்றார்கள்.

முதலில் வெளுத்தது ரிக்காரர் மனைவியின் டம்ளர். அடுத்தது, கொஞ்சமும் பின்தங்காமல், பாயுடையது. ரிக்காரரின் டம்ளர் எல்லோருடையதும் வெளுத்த பிறகும் நீலமாகவே இருந்தது. அவர் அதை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார்.

ஒருவருடையதை இன்னொருவருக்குக் காட்டக்கூடாது என்ற விதி எனக்குத்தான் பொருந்தும், அவர்களுக்கு இல்லை. அடுத்த நிமிடம் உறைகளைக் கிழித்துப் படங்களைக் கயிற்றுக் கட்டிலில் பரப்பி ஒப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கூடப் பிறந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் படமும் ஒத்துப்போகவில்லை. அப்பாவுக்கும் மகனுக்கும் பாதிதான் ஒத்தது. ஆனால் சேலம் பாயின் கோடுகளும் ரிக்காரர் மனைவியின் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அச்சாகப் பொருந்தின. காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து மூன்று பேர் சரிபார்த்தார்கள்.

"அப்ப இவங்க எனக்குக் கூடப் பொறந்த தங்கச்சியாம்மா?" என்று பாய் கேட்டார்.

"அப்படி இல்லைங்க பாய். இந்த மாதிரி நிறையப் பேருக்குப் பொருந்தும். ஒரே சமூகத்துக்குள்ளயே இவ்வளவு வித்தியாசம் இருக்கு, வேற வேற சமூகத்துல இருக்கறவங்களுக்கு ஒண்ணா இருக்கு. அதைத்தான் நாங்க..."

யாரும் கேட்கவில்லை. பாய் ரிக்காரர் பக்கம் திரும்பியிருந்தார். "இத்தன வருஷமா மாப்ளன்னு சும்மா வாய் வார்த்தைக்குக் கூப்பிட்டேன். இப்பப் பாரு, ஆதாரமே வந்துருச்சு."

"அப்பறமென்ன," என்றார் ரிக்காரர். "தங்கச்சிக்குச் சீர் எங்க?"

அவர் மனைவி சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பாய் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரமே தன் மனைவியோடு காரில் வந்து, தட்டில் பட்டுச் சேலையும் பழமும் வைத்துக் கொடுத்தாராம். ரிக்காரர் மனைவி எனக்குப் போன் செய்து, "ஏஞ்சாமி, இது நெசமா எச்சலு வகைதானா, இல்ல சொந்தமேதானா? திருப்பிச் சீர் செய்யோணுமான்னு தெரியல," என்று கேட்டார். அறிவியல்படி தேவையில்லை என்றேன். அவர் அரைப்படி எள்ளுருண்டை செய்து பாய் வீட்டுக்கு அனுப்பினார். பாய்க்குச் சர்க்கரை என்பது அப்போது இரண்டு வீட்டிலும் யாருக்கும் நினைவில்லை.

அன்று ஷெட்டில் மற்ற எல்லோருக்கும் யாரோ ஒருவரோடு பொருந்தியிருந்தது, ரிக்காரருக்கு மட்டும் ஒரு குறை. அவருடைய கோடுகள் ஷெட்டில் இருந்த யாருடையதோடும் ஒத்துப்போகவில்லை. எல்லோரும் போன பிறகும் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஊரே ஒருத்தருக்கொருத்தர் சேந்துக்குச்சு. நான் மட்டும் தனியா?"

"எங்கயாவது இருப்பாங்கய்யா. நாம எல்லார்கிட்டயும் எடுக்கலையே."

"ஆந்திராவுல இருப்பானோ?" என்று கேட்டார். "அங்க ஒருத்தன் சாடையில என்னாட்டவே இருப்பான்." பிறகு அவராகவே ஒரு முடிவுக்கு வந்து, படத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆய்வு முடிந்து நான் இப்போது வேறொரு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். தினமும் காலை ஏழு மணிக்கு ரிக்காரரிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு படம் வரும். மீட்டரில் அன்றைய சர்க்கரை அளவு, பின்னணியில் அணைக்கட்டுத் தண்ணீர். நான் மருத்துவர் இல்லை, இதை உங்கள் மருத்துவருக்கு அனுப்புங்கள் என்று ஒருமுறை எழுதினேன். "அவரு பதில் போட மாட்டேங்கறாரு அம்மிணி" என்று குரல் பதிவு வந்தது. போனைத் தள்ளிப் பிடித்துக் கேட்டேன். அன்றிலிருந்து எண் நன்றாக இருந்தால் ஒரு கட்டைவிரலும், கூடியிருந்தால் "என்ன சாப்பிட்டீங்க?" என்று ஒரு கேள்வியும் அனுப்பிவிட்டுத்தான் பல் துலக்கப் போகிறேன்.